கோமளா அக்காவும் ஜேர்மன் மேடைகளும்

ஒருவர் சொன்னதை மற்றவருக்கு அப்படியே சொல்வதுதான் மொழிபெயர்ப்பாளர் வேலை. நடுவில் கோபப்பட எங்களுக்கு அனுமதி இல்லை. இந்தத் தொழிலில் பல்லைக் கடித்துக்கொண்டு காலம் தள்ளும் சகபாவிகளே, உங்களுக்கு விளங்கும்.

நான் ஜேர்மனியில் டோர்ட்மண்டில் இருப்பவள். அகதி விசாரணைகளிலும் ஆஸ்பத்திரிகளிலும் தமிழுக்கும் டொச் என்கிற ஜேர்மன் மொழிக்கும் நடுவில் நின்று பிழைப்பவள். ஈரோக் காசு வந்து நாலைந்து வருசத்தில், கனடாவிலிருந்து கோமளா அக்கா வந்தா. ரொறொன்ரோவில் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவ. மூன்று கவிதைத் தொகுப்பு, ஒரு நாவல். அந்த நாவல் டொச்சில் வந்திருந்தது. பன்னிரண்டு நாள் ஊர் ஊராக வாசிப்பு. மேடையில் அக்காவுக்குப் பக்கத்துக் கதிரையில் நான்.

யானை

ஒரு சலவைக்கடை நடத்தும் அக்காவும் தங்கையும் பனிக்காலம் முழுக்கப் பேசாமல் இருப்பதுதான் நாவல். முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை ஸ்னோ கொட்டுகிறது. அட்டையில் என்ன தெரியுமோ? சிவப்புச் சேலை, தென்னை மரம், ஒரு யானை!

அக்கா புத்தகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தா. "தங்கச்சி, இந்த யானை எத்தினையாம் பக்கத்தில வருதெண்டு கேளுங்கோ."

கேட்டேன். பதிப்பக அம்மா முகம் மலரச் சொன்னா: "கதையில் இல்லைதான். யானை இருந்தால்தானே இது உங்கள் ஆட்களின் புத்தகம் என்று தெரியும்!"

விசாரணை

ஒரு நூலகத்தில் கேள்வி நேரம். இலங்கையிலிருந்து எப்படித் தப்பி வந்தீர்கள் என்று ஒருவர் கேட்டார். "கலியாணம் கட்டி, விசா எடுத்து, பிளேனில போனனான்" என்றா அக்கா. படகு இல்லையா? இல்லை. முகாம்? இல்லை. நாவலைப் பற்றி ஒரு சொல் இல்லை. விசாரணை அறையில் அதிகாரிகள் கேட்கும் அதே வரிசை. அவர்களுக்காவது அது வேலை. எனக்குக் காது சுட்டது. அந்த மனிதர் ஏமாந்த முகத்தோடு கடைசியாகக் கேட்டார்: "அப்படியானால் எழுதுவதற்கு உங்களுக்கு என்ன காரணம் இருந்தது?"

எங்கட ஆக்கள்

வெள்ளைக்காரர்தான் இப்படி என்று நினைத்தேன். எங்கட ஆக்கள் என் வாயை அடைத்தார்கள். டோர்ட்மண்ட் தமிழ்ச் சங்க மண்டபத்தில் தலைவர் முக்கால் மணித்தியாலம் பேசிவிட்டு அக்காவுக்கு ஐந்து நிமிசம் கொடுத்தார். பிறகு ஓர் அண்ணை எழும்பினார். நாவலில் இளையவள் டிவோர்ஸ் எடுப்பது எங்கட கலாசாரத்துக்கு அவமானமாம். அவள் ஏன் எடுத்தவள் என்று தெரியுமோ என அக்கா பொறுமையாகக் கேட்டா. அண்ணை தயங்கவேயில்லை: "நான் உந்தப் புத்தகம் வாசிக்கேல்லை, வாசிக்கவும் மாட்டன். ஆனால் பிழையெண்டு தெரியும்."

டார்ம்ஸ்டாட் அன்பு

டார்ம்ஸ்டாட் பல்கலைக்கழகத்தில் படிக்கும் தமிழ்நாட்டுப் பிள்ளைகள் எலுமிச்சம் சாதமெல்லாம் கட்டி வந்து உபசரித்தார்கள். அக்கா, செத்துப்போன தன் தமையனைப் பற்றிய கவிதையை வாசித்தா. இரண்டு இடத்தில் குரல் உடைந்தது. முடிந்ததும் ஒரு பெண் ஓடி வந்து கையைப் பிடித்தாள்: "மேடம், பாதி புரியல, ஆனா உங்க சிலோன் தமிழ் அவ்ளோ க்யூட்!"

ஓசை

கடைசி வாசிப்பு பெர்லினில். ஒரு நடிகை நாவலிலிருந்து டொச்சில் நாற்பது நிமிசம் வாசித்தா. அக்காவுக்குத் தமிழில் ஒரே ஒரு கவிதை. அதிலும் பாதியில், நிகழ்ச்சி நடத்திய அம்மா அக்காவின் கையைத் தட்டி, "அருமையான ஓசை, நன்றி" என்று கைதட்டத் தொடங்கினா. சபையும் தட்டியது.

அக்கா என் பக்கம் திரும்பினா. "கவிதை இன்னும் முடியேல்லை எண்டு சொல்லுங்கோ. இது ஓசை இல்லை, சொல்லு. விளங்காட்டி வாயை மூடிக்கொண்டு கேக்கட்டும்."

அதுவரை அக்காவின் கூரான வார்த்தைகளையெல்லாம் நான் மழுக்கித்தான் கொடுத்து வந்தேன். அன்று மழுக்கவில்லை. வாயை மூடுவது உட்பட ஒரு சொல் விடாமல் சொன்னேன். கைதட்டல் நின்றது. அக்கா முதல் வரியிலிருந்து திரும்ப வாசித்தா. நான் வரிக்கு வரி டொச்சில் சொன்னேன். முடிந்ததும் முன்வரிசையில் ஒருவர், இன்னொருமுறை வாசிக்க முடியுமா என்று மெல்லக் கேட்டார். அக்கா வாசித்தா.

வெளியே கோட் மாட்டும்போது நிகழ்ச்சி நடத்திய அம்மா என்னிடம் வந்தா: "மற்ற ஊர்களில் நீங்கள் நன்றாக மொழிபெயர்த்ததாகத்தானே சொன்னார்கள்!"

பன்னிரண்டு நாளில் நான் ஒழுங்காகச் செய்த மொழிபெயர்ப்பு அந்த ஒன்றுதான், அதற்குப் பிறகு அந்தப் பதிப்பகம் என்னைக் கூப்பிட்டதே இல்லை.