சித்தப்பா ஓடிய ஓட்டம்

ஓடிப் பழகினால் சைக்கிளை வேகமாக மிதிக்க வருமா, வராதா? ஜப்பான்காரன் மலாய் நாட்டை ஆண்ட காலத்தில் காஜா பெராங்கில் எங்கள் வீட்டில், மரவள்ளிக்கிழங்குக்கு அடுத்தபடியாக அதிகம் மெல்லப்பட்ட விஷயம் இதுதான். வரும் என்பது சித்தப்பாவின் கட்சி. வராது என்பது அப்பாவின் கட்சி. எனக்கு ஒன்பது வயது. கண்ணை மூடிக்கொண்டு சித்தப்பாவின் கட்சி.

யுத்தத்துக்கு முன்னால் சித்தப்பா சைக்கிள் பந்தயக்காரர். வளைந்த கைப்பிடி வைத்த அவருடைய சைக்கிளை, ஜப்பான் பட்டாளம் வந்த முதல் வாரத்திலேயே ஒரு சிப்பாய் வாங்கிக்கொண்டு போய்விட்டான். வாங்கிக்கொண்டான் என்றால், அவர் இறங்கும்வரை துப்பாக்கியைக் காட்டிக்கொண்டு நின்றான். அதன் பிறகு பல மாதம் அவர் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை. அப்படிக் கிடந்தவருக்கு ஒரு நாள் உயிர் வந்தது. ஜப்பான்காரர்களின் பெருநாளுக்கு டவுன் திடலில் சைக்கிள் பந்தயமாம். சைக்கிளையும் அவர்களே தருவார்களாம். ஜெயித்தவன் அதை அப்படியே வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு போகலாமாம்!

பந்தயத்துக்கு மூன்று மாதம் இருந்தது. பழகுவதற்குச் சைக்கிள் இல்லை. "கால் இருக்குல்ல" என்று சொல்லிவிட்டு சித்தப்பா ஓட ஆரம்பித்தார்.

விடிந்ததும் புக்கிட் பாரு மேடு வரைக்கும் ஓட்டம், அங்கிருந்து திரும்பி ஓட்டம். நேரம் பார்க்கும் வேலை எனக்கு. வீட்டுக் கடிகாரத்தை அப்பா என்றோ விற்றுவிட்டதால், பள்ளிக்கூடத்தில் புதிதாகச் சொல்லிக்கொடுத்த ஜப்பான் எண்களைக் கொண்டு எண்ணினேன். இச்சி, நி, சான் என்று தொடங்கி நூறு ஆனதும் ஒரு புளியங்கொட்டையைக் கீழே வைப்பேன். முதல் நாள் முப்பத்தைந்து கொட்டை. பத்து நாளில் முப்பத்தொன்று. பிறகு இருபத்தெட்டு! ஒவ்வொரு கொட்டை குறையும்போதும் நான் போட்ட கூச்சலில் தெருக்கோடி கோழிகள்கூடக் கலைந்து ஓடும்.

அப்பா அசரவில்லை. "ஓடுறவன் கால் வேற, மிதிக்கிறவன் கால் வேற. நீ ஓடி ஓடி, தின்ன கெழங்கையும் தொலைக்கப் போற" என்பார்.

சோதித்துப் பார்த்துவிடலாம் என்று எதிர்வீட்டில் தவ்வு என்ற சோயாக்கட்டி விற்கும் சீனரிடம் சைக்கிளை இரவல் கேட்டார் சித்தப்பா. டயர் கிடைக்காத காலம். அதில் டயருக்குப் பதில் ரப்பர் தண்ணீர்க் குழாயைச் சுற்றிக் கட்டியிருந்தார்கள். பின்னால் நான் ஏறிக்கொண்டேன். புக்கிட் பாரு மேட்டில் பாதி ஏறியதும் சைக்கிள் ஆடிப்போய் நின்றது.

"பாப்பா, பாத்தியா? மூச்சு வாங்கவே இல்ல! தொடைதான் ஏமாத்துது" என்றார். தோற்றவர் முகமாகவே அது இல்லை. எங்கே குறை என்று கண்டுபிடித்தவரின் முகம். அன்றிலிருந்து தட்டையான ரோட்டில் ஓட்டத்தைக் குறைத்துக்கொண்டு, மேட்டிலேயே முழங்காலை உயர்த்தி உயர்த்தி ஏறி ஓடினார். சாயங்காலத்தில் என்னைத் தோளில் உட்கார வைத்துத் தோப்புக்கரணம் போட்டார். பிள்ளையார்கூட அத்தனை பார்த்திருக்க மாட்டார்.

ஒரு மாதம் கழித்து அதே சைக்கிள், அதே மேடு, அதே நான். இந்தத் தடவை அப்பாவும் பார்க்க வந்திருந்தார். சித்தப்பா என்னோடு கதை பேசிக்கொண்டே உச்சிக்குப் போய்விட்டார்! அப்பா பக்கத்தில் வந்து, கறிக்கடையில் அழுத்திப் பார்ப்பதுபோல அவர் தொடையைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். அன்று ராத்திரி தன் தட்டுக் கிழங்கில் பாதியைச் சித்தப்பா தட்டுக்குத் தள்ளினார். எனக்குச் சந்தோஷத்தில் சாப்பாடே இறங்கவில்லை.

அந்த நாட்களில் பெரியவர்கள் "சயாம்" என்ற சொல்லை மட்டும் குரலைத் தணித்துச் சொல்வார்கள். சயாம் காட்டில் ரயில் பாதை போட ஆள் பிடித்துக்கொண்டு போகிறார்கள், போனவர்கள் வருவதில்லை என்பது அவர்களுக்குத் தெரியும். எனக்கு அது தோட்டத்து ஆட்களுக்கு வரும் ஏதோ ஒரு காய்ச்சலின் பெயர். எனக்குத் தெரிந்ததெல்லாம், பந்தயத்துக்குப் பெயர் எழுத வீட்டுக்கே ஆள் வருவார்கள் என்பதுதான்.

பந்தயத்துக்கு இரண்டு வாரம் இருக்கும்போது வந்தார்கள். கையில் பட்டியலோடு ஒரு மலாய்க் கிராணி, அதாவது குமாஸ்தா, பின்னால் ஒரு ஜப்பான் சிப்பாய். அப்பா வேலைக்குப் போய்விட்டார். அம்மா கொல்லையில் துணி துவைத்துக்கொண்டிருந்தார். நான் வாசலில் பத்தொன்பதாவது கொட்டையில் இருந்தேன். கிராணி சித்தப்பாவின் பெயரை வாசித்து, எங்கே என்று மலாயில் கேட்டார். பட்டியலில் பெயர் இருக்கிறது! எனக்குத் தலைகால் புரியவில்லை.

"லாரி!" என்றேன் பெருமையாக. "ஜாவ்! ஜாவ்!"

சரக்கு ஏற்றும் லாரி இல்லை. மலாயில் ஓடுவதற்கும் லாரிதான், ஓடிப்போவதற்கும் லாரிதான்; ஜாவ் என்றால் தூரம். ரொம்பத் தூரம் ஓடுவார் என்று நான் சொன்னேன். ரொம்பத் தூரம் ஓடிப்போய்விட்டான் என்று கிராணி கேட்டுக்கொண்டார்.

அதற்குள் அம்மா ஈரக்கையோடு ஓடிவந்தார். பட்டியலைப் பார்த்தார், சிப்பாயைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அடுத்த நொடி தலையில் அடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தார். "ஆமா துவான், லாரி! எங்கள எல்லாம் விட்டுட்டு லாரி! பாவி, எங்க போனான்னே தெரியலயே!"

அம்மா பொய் சொல்கிறார்! இன்னும் ஏழெட்டுக் கொட்டையில் சித்தப்பா வந்துவிடுவாரே! "இல்லம்மா, இப்ப வந்து..." என்று நான் தொடங்கியதும், துணி துவைத்த சாம்பல் வாசனை அடிக்கும் அம்மாவின் கை என் வாயை அழுத்திப் பொத்தியது. கிராணி சிப்பாயிடம் ஏதோ சொல்லிவிட்டுச் சித்தப்பாவின் பெயர்மேல் ஒரு கோடு கிழித்தார். இருவரும் பக்கத்து வீட்டுக்குப் போனார்கள்.

அம்மாவின் கையைக் கடித்துவிட்டு, புக்கிட் பாரு ரோட்டில் தலைதெறிக்க ஓடினேன். பாதி வழியிலேயே சித்தப்பா எதிரே வந்தார்.

"சித்தப்பா, உங்க பேரை அடிச்சிட்டாங்க! அம்மா பொய் சொல்லிட்டாங்க! சீக்கிரம் வாங்க, பக்கத்து வீட்லதான் இருக்காங்க!"

"ஜப்பான்காரனும் வந்திருக்கானா?"

"ஆமா!"

சித்தப்பா வீட்டுப் பக்கம் ஒரு தரம் பார்த்தார். பிறகு வியர்வைக் கையை என் தலையில் வைத்தார். "இன்னும் கொஞ்சம் ஓடிட்டு வரேன்னு அம்மாகிட்ட சொல்லு பாப்பா." சொல்லிவிட்டுத் திரும்பினார். ரப்பர் மரங்களுக்கு நடுவே அவர் ஓடியதுபோன்ற ஓட்டத்தை அத்தனை நாளில் நான் பார்த்ததே இல்லை. இந்த வேகத்தில் மிதித்தால் திடலில் எவன் கிட்டே வருவான் என்று ரோட்டில் நின்று கை தட்டினேன்.

அவர் திரும்பி வந்தது ஜப்பான்காரன் போன பிறகுதான். பந்தயம் அவர் இல்லாமலே நடந்தது. சைக்கிள் வேறு யாருக்கோ போனது. அம்மாவோடு நான் நெடுநாள் பேசவில்லை. என்ன ஏது என்று அவரும் விளக்கவில்லை. விளக்கியிருந்தால் அன்றைக்கே ஊர் முழுக்கச் சொல்லியிருப்பேன் என்பது பெற்றவருக்குத் தெரியாதா?

அந்த வாரமே பக்கத்து வீட்டு அண்ணனை லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அவர் சயாமிலிருந்து திரும்பவே இல்லை. லாரி கிளம்பியபோது அவருடைய அம்மா தெருவில் விழுந்து அழுதார். அண்ணன் பெயரை மட்டும் பந்தயப் பட்டியலில் அடிக்காமல் விட்டுவிட்டார்களே என்ற பொறாமையில், எங்கள் வாசலில் நின்று நானும் அழுதேன்.