பத்துக்கு ஐந்து

வீட்டில் தமிழ், வெளியில் வங்காளம் என்று பாலிகஞ்சிலேயே பிறந்து வளர்ந்தவன் நான். மதுரையிலிருந்து கல்யாணமாகி வந்த என் மனைவிக்கு வங்காளம் சரளமாக வராது. டாக்டர், பேங்க், எங்கே போனாலும் அவளுக்காகப் பேசுவது நான்தான். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

அவளுக்கு ஃபைப்ரோமயால்ஜியா. உடம்பு முழுக்க வலி. கழுத்தில் எல்லாவற்றையும் விட அதிகம். ரத்தம், எக்ஸ்ரே, ஸ்கேன் எல்லாமே நார்மல். ரிப்போர்ட்டில் இல்லாத வலி எங்கிருந்து வரும் என்று அவள் முகத்துக்கு நேராகவே கேட்டிருக்கிறேன். ஒருமுறை அல்ல.

போன மழைக்காலத்தில் டாக்டர் எங்களை ஒரு பிசியோதெரபிஸ்ட்டிடம் அனுப்பினார். கழுத்தைக் கையாலேயே அழுத்தி, நீவிச் சரிசெய்கிற வங்காளப் பெண்மணி; எல்லோரும் அவரைத் தீதி, அதாவது அக்கா, என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் முதலிலேயே தெளிவாகச் சொல்லிவிட்டார்: இந்த நோய்க்காரர்களுக்கு லேசாகத் தொட்டாலும் வலிக்கும்; வலி பத்துக்கு எத்தனை என்று கேட்டுக் கேட்டுத்தான் அழுத்துவேன்; எண் ஏறினால் கையை லேசாக்கிவிடுவேன்.

மனைவி குப்புறப் படுத்திருந்தாள். தீதி பிடரியில் விரலை வைத்து, எத்தனை என்றார். நான் தமிழில் கேட்டேன்.

"எட்டுன்னு சொல்லுங்க."

தொட்டவுடனே எட்டா? அந்நியர் முன்னால் இப்படி மானத்தை வாங்குகிறாளே என்று எரிச்சல் வந்தது. தீதியிடம், "பாஞ்ச்" என்றேன். ஐந்து.

தீதி நம்பி அழுத்தினார். மறுபடி கேட்டபோது மனைவி, "பத்து" என்றாள். நான் அதே ஐந்தைச் சொன்னேன். மூன்றாவது முறை, "உங்களுக்குத் தோணுறதச் சொல்லுங்க" என்றாள். கோபித்துக்கொள்கிறாள் என்று விட்டுவிட்டேன்.

அடுத்த இரண்டு நாள் அவளால் தலையைத் தூக்க முடியவில்லை. தலையணை பட்டாலே அழுதாள். மூன்றாம் நாள் காபியோடு போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"அன்னைக்கு நான் கொஞ்சம் கொறச்சுச் சொல்லிட்டேன்."

"தெரியும். எட்டு வருஷமா லேக் மார்க்கெட்ல கத்தரிக்கா வாங்குறேன். பாஞ்ச்னா எனக்குத் தெரியாதா?"

"அப்போ அங்கயே சொல்லியிருக்கலாமே?"

"கட்டுன புருஷனே நம்பல. அந்தம்மா மட்டும் நம்பப்போறாங்களா?"

நான் கூனிக்குறுகிப் போனேன். காபி ஆறும்வரை அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. மன்னிப்புக் கேட்டேனா என்றால், அன்று இல்லை. அதுவும் வெட்கக்கேடுதான்.

அடுத்த வாரம் தீதியிடம் நானே நடந்ததைச் சொன்னேன். அவர் திட்டியிருந்தால் தேவலை. வெளியே கிடந்த நாற்காலியைக் காட்டினார்.

திரைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தேன். தீதி எத்தனை என்று கேட்டது காதில் விழுந்தது. கத்தரிக்காய் பேரம் பேசுகிற அதே வங்காளத்தில் என் மனைவி எட்டு என்றாள்.

"சரிம்மா, கையை எடுத்துட்டேன்," என்று தீதியும் வங்காளத்திலேயே சொன்னார். ரிப்போர்ட்டில் என்ன இருக்கிறது என்று அவர் கேட்கவே இல்லை.