விகாரைக்குச் சிலுவை போடுகிறவள்

இலண்டன் செவன் கிங்ஸில் பஸ் அந்தத் தேவாலயத்தின் கற்கோபுரத்தைக் கடக்கும்போதெல்லாம் என் கை தானாக நெற்றிக்குப் போகிறது. மன்னார் பஸ்ஸில் வளர்ந்த கை. அங்கே கோயிலைக் கண்டால் சாரதியே ஸ்ரியரிங்கிலிருந்து ஒரு கையை எடுத்துச் சிலுவை அடையாளம் போடுவார். என்னைப் பார்த்துப் பார்த்து மூன்று வயது மகள் அனிற்றாவும் போடுகிறாள். சிக்கல் என்னவென்றால், அந்தத் தேவாலயம் இப்போது சிங்களவர்களின் பௌத்த விகாரை.

ஊரில் புத்தர் வரும் முறை வேறு. ஓர் அரசமரம் போதும். மாலையில் அதன் அடியில் இல்லாதவர் காலையில் சிலையாக இருப்பார், பக்கத்தில் துவக்கோடு இராணுவக் காவலும் இருக்கும். இலண்டனில் அவர் சட்டத்தரணி வைத்து, விலை கொடுத்து, வாகனங்களை எங்கே நிறுத்துவதென்று கவுன்சிலுக்கு விளக்கிவிட்டு வந்திருக்கிறார். கடல் கடந்து வந்து எங்களுக்கு வேதம் சொன்ன வெள்ளையரின் பேரப்பிள்ளைகளுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் வேறு வேலை இருக்கிறது, விற்றுவிட்டார்கள். தன் திருமணத்துக்குப் பிறகு அந்தப் படியேறாத பக்கத்து வீட்டு மார்கரெட் என்னைப் பிடித்துச் சொன்னார்: "உங்கள் ஆட்கள் கூரையை எவ்வளவு அழகாகத் திருத்தியிருக்கிறார்கள்!" நான் "நன்றி" என்றேன். சொல்லியிருக்கக் கூடாதோ? யார் என் ஆட்கள் என்று விளக்குவதானால் குப்பைத்தொட்டியருகில் நின்று முப்பது வருட யுத்தத்தைச் சொல்ல வேண்டும்.

தேவாலய மண்டபத்தில் நடந்த நர்சரி இன்னமும் அங்கேதான் நடக்கிறது. அனிற்றாவுக்கு அங்கே மட்டும்தான் இடம் கிடைத்தது. திங்கட்கிழமை நான் வேலைக்குப் போகாவிட்டால் வேலையும் இல்லை.

"அவங்களிட்டத் தப்பி இவ்வளவு தூரம் வந்து, பிள்ளையை அவங்களிட்டயே குடுக்கப் போறீரோ?" என்றார் கணவர்.

"அப்ப நீங்கள் ஷிப்ட்டை விட்டிட்டுப் பிள்ளையைப் பாருங்கோவன்."

உடனே அவருக்கு மதநல்லிணக்கம் வந்துவிட்டது.

திங்கள் காலை வாசலில், பழைய தீர்த்தக் கல்தொட்டியில் தாமரைப்பூக்கள் மிதந்தன. நான் தடுக்குமுன் அனிற்றா விரலை நனைத்துச் சிலுவை போட்டாள். பிக்கு ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார். அவள் கையைப் பிடித்துப் பின்னால் இழுத்தேன்.

"பரவாயில்ல. வாங்கோ பிள்ளை" என்றார், சிங்களம் கலந்த தமிழில்.

"சாமி எங்க தமிழ் பழகினீங்கள்?"

"வவுனியாவில."

எந்த அரசமரத்தடியில் என்று கேட்க வாய் உன்னியது. பிள்ளையை விட்டுவிட்டுப் போகப்போகிறவள் அப்படிக் கேட்பாளா? குனிந்து அனிற்றாவின் சப்பாத்தைக் கழற்றினேன்.

வேலைக்குப் போகும் பஸ் கோபுரத்தைக் கடந்தபோது கை நெற்றிவரை போய் நின்றது. உள்ளே புத்தர் இருந்தார். என் பிள்ளையும் இருந்தாள். சிலுவையைப் போட்டு முடித்தேன். இப்போது அங்கே யார் பொறுப்பில் இருக்கிறாரோ அவர் பார்த்துக்கொள்ளட்டும்.