போர்டு போச்சு

எங்கள் தெருமுனையில் லேப்டாப் பழுது பார்ப்பவருக்குப் பெயர் என்று ஒன்று இருக்கத்தான் வேண்டும். ஆனால் "போர்டு போச்சு" என்று சொன்னால்தான் ஆளைத் தெரியும். எந்த லேப்டாப்பைக் கொடுத்தாலும் பின்மூடியைக் கழற்றுவார், உள்ளே ஒருமுறை ஊதுவார், ஆபரேஷன் அறையிலிருந்து வெளியே வரும் டாக்டர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு அந்த இரண்டு வார்த்தைகளைச் சொல்வார். எல்லாப் பாகங்களையும் தாங்கும் மதர்போர்டே செத்துவிட்டது என்று அர்த்தம். சார்ஜர் வயர் அறுந்த லேப்டாப்புக்கும் அதைத்தான் சொன்னார். ஒரு டீச்சர் கொண்டுவந்ததில் திரை வெளிச்சத்தை யாரோ அடியோடு குறைத்து வைத்திருந்தார்கள், அவ்வளவுதான். அதற்கும் போர்டு போச்சு. வீட்டுக்குப் போன டீச்சரின் விரல் தெரியாமல் ஏதோ பட்டனில் பட்டு, திரை பளிச்சென்று எரிந்தது. மறுநாள் வந்து சொன்னார். இவர் கொஞ்சமாவது கூச்சப்பட வேண்டுமே. "போற வழியில குலுங்கினதுல ஒட்டியிருக்கும் டீச்சர். திரும்பப் போயிடும், பாருங்க" என்றார்.

முதலில் அவர் டிவி பழுது பார்த்தார். டிவியைப் பற்றி ஏதாவது தெரிந்துவிடும் போலிருந்த நேரத்தில் செல்போன் வந்தது, அதற்குத் தாவினார். அதுவும் பிடிபடுவதற்கு முன்பே மூன்று மாத லேப்டாப் வகுப்பில் சேர்ந்தார். அங்கே கொடுத்த சான்றிதழைக் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிறார். அதில் அவருடைய பெயரே தப்பாக அச்சாகியிருக்கிறது. அதையும் அவர் கவனித்ததில்லை.

கடை, தையல் கடைக்கும் மருந்துக் கடைக்கும் நடுவில் இருக்கும் ஒரு சந்து. உள்ளே இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் பின்னால் போக வேண்டும். மேசைமேல் ஒரு பெரிய பிளாஸ்டிக் டப்பா நிறைய ஸ்க்ரூக்கள். எல்லாம் லேப்டாப்புகளைத் திரும்ப மாட்டும்போது மிச்சமானவை. கேட்டால், கம்பெனிக்காரர்கள் தேவையில்லாமல் பத்து போடுகிறார்கள், ஆறு போதும் என்பார்.

அவர் உயிருக்கு உயிராக நம்புவது ஒரே ஒரு கருவியை. சூடான காற்றை ஊதும் ஹீட் கன். சிப்பின் காலடியில் ஈயம் விட்டுப்போயிருந்தால் சூடுபட்டு மறுபடி ஒட்டிக்கொள்ளும் என்பது அவர் கணக்கு. சில சமயம் அது உண்மையும்கூட. ஒருமுறை ஒரு வக்கீலின் லேப்டாப்பை அப்படிச் சூடு காட்டி எழுப்பிவிட்டார். அது பதினோரு நாள் ஓடியது. அந்தப் பதினோரு நாளைப் பற்றி எட்டு வருடமாகப் பேசுகிறார். பன்னிரண்டாவது நாளைப் பற்றிப் பேசியதே இல்லை.

இந்த மனிதரிடம்தான் என் அக்கா தன் லேப்டாப்பைக் கொடுத்தாள். ஏன் கொடுத்தாள் என்று கேட்டால், பக்கத்தில் இருந்தார் என்பதைத் தவிர வேறு காரணம் இல்லை.

அக்கா கட்டட வரைபடம் படித்தவள். கட்டப்போகும் கட்டடத்தைக் கம்ப்யூட்டரில் முன்பே கட்டி, அதற்குள் நாம் நடந்துபோவதுபோலக் காட்டுவாள். ஒரு கட்டட அலுவலகத்தில் வேலைக்குக் கூப்பிட்டிருந்தார்கள். ஒரு சிறிய மருத்துவமனையை வடிவமைத்து, திங்கட்கிழமை காலை பதினோரு மணிக்கு, தன் லேப்டாப்பிலேயே நடத்திக் காட்ட வேண்டும். அது நன்றாக ஓடினால் வேலை. இதற்கு லேப்டாப்பில் கிராபிக்ஸ் கார்டு வேண்டும். படம் வரைவதற்கென்றே உள்ளே தனியாக இருக்கும் சிப் அது. அது இல்லாவிட்டால் அக்காவின் மருத்துவமனைக்குள் ஒரு அடி எடுத்துவைக்க அரை நிமிடம் ஆகும்.

அந்தத் திங்கட்கிழமைக்குச் சில வாரம் முன்பு, லேப்டாப்பின் ஃபேன் மிக்ஸி மாதிரி சத்தம் போடுகிறது என்று அவரிடம் கொடுத்திருந்தாள். பத்தே நிமிடத்தில் திருப்பிக் கொடுத்தார். சத்தம் சுத்தமாக நின்றிருந்தது. அப்போது அக்காவும் அவரைக் கொஞ்சம் மெச்சினாள் என்பதை நான் மறைக்க விரும்பவில்லை. அன்றிலிருந்து அவள் மருத்துவமனையைத் தாளில்தான் போட்டுக்கொண்டிருந்தாள். மருத்துவமனையைக் கம்ப்யூட்டரில் கட்ட வேண்டிய அன்றுதான் கிராபிக்ஸ் கார்டே இல்லை என்று லேப்டாப் சொன்னது. உள்ளே இருக்கும் பாகங்களின் பட்டியலைத் திறந்து பார்த்தாள். எல்லாம் இருந்தது, அது மட்டும் இல்லை.

மறுபடி அவரிடமே போனாள். அவர் ஃபார்மட் போட்டார். அதாவது உள்ளே இருந்ததை எல்லாம் துடைத்துவிட்டு விண்டோஸைப் புதிதாக ஏற்றினார். அக்கா தன் வேலையை பென்டிரைவில் எடுத்து வைத்திருந்ததால் பிழைத்தாள். அப்படியும் கார்டு வரவில்லை. இனி என்ன சொல்வார் என்று உங்களுக்கே தெரியும்.

சனிக்கிழமை மதியம் நானும் அக்காவும் கடைக்குப் போனபோது லேப்டாப் மேசைமேல் துண்டு துண்டாகக் கிடந்தது. கல்யாணச் சமையலுக்கு இறங்குகிற ஆள் மாதிரி சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, ஹீட் கன்னை எடுத்துத் தயாராக வைத்திருந்தார். சூடு காட்டினால் பிழைக்கும், பிழைக்காவிட்டால் அது அதன் விதி, தன்னைக் குறை சொல்லக் கூடாது என்று அக்காவிடம் முன்கூட்டியே சொல்லிக்கொண்டிருந்தார்.

அக்கா ஸ்டூலில் உட்கார்ந்து போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதே மாதிரி லேப்டாப் வைத்திருந்த யாரோ எழுதியதைப் படித்துக்கொண்டிருந்தாள் என்று பிறகு சொன்னாள். திடீரென்று தலையைத் தூக்கி, ரொம்பப் பணிவாக ஒரு கேள்வி கேட்டாள்.

"அண்ணா, அன்னைக்கு ஃபேன் சத்தத்தை எப்படி நிறுத்துனீங்க? அவ்வளவு சீக்கிரமா?"

இவரைப் புகழ்ந்து ஒரு வார்த்தை சொன்னால் போதும், ஹீட் கன்னைக்கூட கீழே வைத்துவிடுவார். வைத்தார்.

"அது தொழில் ரகசியம்மா. உனக்குன்னு சொல்றேன். கம்பெனிக்காரன் ஒரு ஆப் போட்டு வச்சிருப்பான். அதுல பச்சையா ஒரு இலை இருக்கும். அதை அமுக்கிட்டா மிஷின் அடங்கிடும். யார் சத்தம்னு வந்தாலும் நான் இலையைத்தான் அமுக்குவேன். இன்னைக்கு வரைக்கும் ஒருத்தரும் திரும்பி வந்ததில்ல."

"நான் வந்திருக்கேனே."

"நீ வந்தது வேற கம்ப்ளைன்ட்."

"ஒரே கம்ப்ளைன்ட்தான் அண்ணா. அந்த இலை, கரண்டை மிச்சம் பிடிக்கிறதுக்காக கிராபிக்ஸ் கார்டையே அணைச்சு வைக்கிற பட்டன். கார்டு சூடாகலைன்னா ஃபேன் எதுக்குச் சுத்தும்? அதான் சத்தம் இல்ல. கார்டு சாகல. நீங்க தூங்க வச்சிருக்கீங்க."

அவர் சிரித்தார். பெண்பிள்ளைகள் நாலு வரி படித்துவிட்டு வந்து பேசுகிறார்கள் என்கிற சிரிப்பு. அப்படி இருந்தால் ஃபார்மட் போட்டபோதே சரியாகியிருக்க வேண்டும் என்றார். அவர் வாயிலிருந்து வந்ததில் அது ஒன்றுதான் கொஞ்சம் யோசிக்க வேண்டிய பேச்சு. அக்கா அதற்கும் பதில் வைத்திருந்தாள். கார்டை அணைத்த செய்தி போர்டிலேயே பதிந்துவிட்டது, ஃபார்மட் அதைத் தொடாது. ஃபார்மட் துடைத்தது அந்த இலை இருந்த ஆப்பை. விளக்கை அணைத்துவிட்டு சுவிட்சைப் பிடுங்கி எறிந்த கதைதான்.

அவர் ஹீட் கன்னை மறுபடி எடுத்து சுவிட்சைப் போட்டார். அது உஸ்ஸென்று சூடாக ஆரம்பித்தது. தெரியாது என்று ஒரு வார்த்தை சொல்வதைவிட ஒரு லேப்டாப்பை எரித்துவிடுவது அவருக்குச் சுலபமாக இருந்தது. அக்கா எழுந்து வந்து போர்டின்மேல் உள்ளங்கையை விரித்து வைத்தாள்.

"கையை எடும்மா. சுட்டுடும்."

"சுடட்டும். நீங்க மாட்டிக் கொடுங்க, நான் வீட்டுக்கு எடுத்துட்டுப் போறேன்."

"பிரிச்ச போர்டை அப்படியே மாட்டினா என் பேர் என்ன ஆகிறது?"

"உங்க பேரே போர்டு போச்சுதான் அண்ணா. அதுக்கு ஒண்ணும் ஆகாது."

பக்கத்துக் கடையில் தையல் மெஷின் நின்றுவிட்டது. தையல்காரர் எட்டிப் பார்த்தார். தெருவே தன்னை அப்படிக் கூப்பிடுவது நம் ஆளுக்கு அதுவரை தெரியாது போலிருக்கிறது. ஹீட் கன்னை அணைத்தார். எங்களைப் பார்க்காமல் போர்டை மாட்டத் தொடங்கினார். அக்கா அவர் பக்கத்திலேயே நின்று ஒவ்வொரு ஸ்க்ரூவையும் எண்ணி எடுத்துக் கொடுத்தாள். ஒன்றைக்கூட டப்பாவுக்குப் போகவிடவில்லை. அந்த அரை மணி நேரம் அவரைப் பார்க்கக் கொஞ்சம் பாவமாக இருந்தது. அரை மணி நேரம்தான்.

வீட்டுக்கு வந்து கம்பெனி இணையதளத்திலிருந்து அந்த ஆப்பை இறக்கிப் போட்டாள். இலை பச்சையாக உட்கார்ந்திருந்தது. அமுக்கி அணைத்துவிட்டு லேப்டாப்பை மறுபடி தொடங்கினாள். பட்டியலில் கார்டு வந்து நின்றது. அக்கா சத்தம் எல்லாம் போடவில்லை. பென்டிரைவைச் செருகினாள், வேலையை ஆரம்பித்தாள். ஞாயிறு முழுக்கச் சாப்பாட்டுக்கு மட்டும்தான் எழுந்தாள்.

திங்கட்கிழமை மருத்துவமனை ஒரு இடத்திலும் திக்கவில்லை. வாசலிலிருந்து வார்டு வரை எல்லோரையும் நடத்திக்கொண்டு போனாளாம். கழிவறைக் கதவு வழியே சக்கர நாற்காலி திரும்பாதே என்று மட்டும் அங்கிருந்த ஒரு அம்மா கேட்டிருக்கிறார். மாற்றித் தருகிறேன் என்றாளாம். அடுத்த மாதம் முதல் தேதி வந்து சேரச் சொல்லிவிட்டார்கள்.

அந்தச் செய்தி எங்கள் வீட்டுக்கு வந்த வேகத்திலேயே தெருமுனைக்கும் போய்விட்டது. மறுநாள் நாங்கள் கடையைத் தாண்டிப் போகும்போது அவர் வாசலில் நின்றுகொண்டிருந்தார். பக்கத்தில் லேப்டாப் பையை அணைத்துப் பிடித்தபடி ஒரு அம்மா. கடைக்காரர் கையை நீட்டி அக்காவைக் காட்டினார்.

"இதோ, இந்தப் பொண்ணுதான். செத்த போர்டு. நம்ம கடையிலதான் எழுந்துச்சு. இன்னைக்கு வேலைக்கே சேர்ந்துட்டா. கேட்டுப் பாருங்க."

அந்த அம்மா நிஜமாகவே ஆர்வத்துடன் அக்காவைப் பார்த்தார். அக்கா நின்றாள். அவருடைய லேப்டாப்புக்கு என்ன தொந்தரவு என்று விசாரித்தாள். ஃபேன் ரொம்பச் சத்தம் போடுகிறது என்றார் அந்த அம்மா.

"சத்தம் போடட்டும்மா" என்றாள் அக்கா. "வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிடுங்க."