இல்லாத காந்தப்புலம்

எங்கள் வீட்டில் எனக்கு எதையும் யாரும் வேண்டாம் என்று சொன்னதில்லை. சொந்தக்காரர்கள் இதைப் பெருமையாகச் சொல்வார்கள். கேட்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

திருவாலங்காட்டுப் பக்கம் கரும்பு, திருத்தணியில் வீடு. கரும்பை நைனா பார்த்துக்கொண்டார்; அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம். மற்ற எல்லாவற்றையும் பாவா, அதாவது அக்காவின் கணவர், பார்த்துக்கொண்டார். தாலுக்கா ஆபீசுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருந்ததால் அரசாங்கமே அவர் கைக்குள் இருப்பதாக வீட்டில் ஒரு நினைப்பு.

எம்.எஸ்சி. இயற்பியல் சேர்ந்தபோது ஹாஸ்டல் கேட்டேன். "தாராளமா படிம்மா. ட்ரெயின்தான் கீதே, ஹாஸ்டல் எதுக்கு?" என்றார் பாவா. மின்சார ரயிலில் போய்வந்தேன். ஆராய்ச்சிக்குச் சேர்ந்து சோதனைக்கூடத்தில் வேலை செய்ய ஆசைப்பட்டேன். "செய்யேன். ஆனா லேப்புன்னா வீட்டுக்கு வர நேரமாவும். உக்காந்து கணக்குப் போடற வேலையா எடுத்துக்கோ." எடுத்துக்கொண்டேன். இரண்டாயிரத்துக்குப் பிறகான அந்த வருஷங்கள் முழுக்கக் குளிர்ந்த அணுக்களைப் பற்றிக் கணக்குப் போட்டேன். ஒரு குளிர்ந்த அணுவைக்கூட நேரில் பார்த்ததில்லை.

ஒருநாள் சாப்பிடும்போது பாவா கேட்டார். "அப்டி இன்னாதான் பண்ற அங்க?"

முட்டாள்தனமாக, உண்மையிலேயே கேட்கிறார் என்று நினைத்து விளக்கினேன். மின்னேற்றம் உள்ள துகள் காந்தப்புலத்தில் ஓடினால் வளைந்து போகும். முழு அணுவுக்கு மின்னேற்றம் கிடையாது, அதனால் அப்படி வளையாது. அதை வளைக்கத்தான் இந்தப் பாடு. லேசர் கதிர்களை எதிரெதிரே விட்டால் வெளிச்சத்திலேயே முட்டை அட்டை மாதிரிக் குழிகள் உண்டாகும். மிகமிகக் குளிரவைத்த அணுக்கள் அதில் உட்காரும், குழிக்குக் குழி தாவும். தாவும்போது இன்னொரு லேசரை வைத்து அணுவின் அலையைக் கொஞ்சம் முறுக்கிவிட வேண்டும். நாலு குழிகளைச் சுற்றிப் புறப்பட்ட இடத்துக்கே திரும்பினாலும் அந்த முறுக்கு மிச்சம் இருக்கும். அது போதும். பக்கத்தில் பெரிய காந்தம் இருப்பதுபோலவே அணு வளைந்து போகும். நிஜக் காந்தத்தால் தரவே முடியாத பலமான புலத்தில் எலக்ட்ரான்கள் என்ன செய்யும் என்பதை இந்த அணுக்களை வைத்துப் பார்த்துவிடலாம்.

"அப்போ காந்தமே கெடையாது. டூப்பு," என்றார் பாவா. அக்கா சிரித்தாள். நைனாவும் சிரித்தார்.

காந்தவிசை யாரையும் தடுத்து நிறுத்தாது. வேகத்தைக்கூடக் குறைக்காது. பக்கவாட்டில் தள்ளிக்கொண்டே இருக்கும், அவ்வளவுதான். எனக்கு இதைப் புத்தகத்தில் படிக்க வேண்டிய தேவை இருக்கவில்லை.

ஆராய்ச்சி முடியும் நேரத்தில் வெளிநாட்டுச் சோதனைக்கூடம் ஒன்றில் இடம் கிடைத்தது. இந்தப் புலத்தை நிஜ அணுக்களில் உண்டாக்க முயன்றுகொண்டிருந்தவர்கள். என் கணக்கை என் கண்ணால் பார்க்கப் போகிறேன் என்று தலைகால் புரியவில்லை. பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பித்தேன். வீட்டுக்குப் போலீஸ் விசாரணை வரும் என்றார்கள். "நீ போய் உன் வேலையப் பாரு. நாங்க பேசிக்கறோம்," என்றார் பாவா.

பாஸ்போர்ட் வரவில்லை. கேட்டால், "வந்துகினே இருக்கும்மா," என்பார். கடைசியில் நானே ஸ்டேஷனுக்குப் போனேன். விசாரித்துவிட்டுப் போன காவலர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"உங்க வீட்லதாம்மா சொன்னாங்க. பொண்ணுக்குக் கல்யாணம் முடிவாயிடுச்சி, வெளிநாடு போகல, பாஸ்போர்ட் இப்ப தேவையில்லன்னு. வீட்டாளுங்களே சொன்னா நான் வேற இன்னா எழுதறது?"

"யார் சொன்னது?"

"ஜெராக்ஸ் கடைக்காரரு. உங்க நைனாவும் பக்கத்துலதான் உக்காந்துகினு இருந்தாரு. டீகூட வாங்கிக் குடுத்தாரு."

எந்தக் கல்யாணமும் முடிவாகியிருக்கவில்லை. மறுபடி விண்ணப்பித்துப் பாஸ்போர்ட் கைக்கு வருவதற்குள் அந்த இடம் வேறொருவருக்குப் போய்விட்டது. பிறகு அங்கே அணுக்கள் வளைந்ததை நான் ஆய்விதழில்தான் படித்தேன். நான் கணக்குப் போட்டது போலவே வளைந்திருந்தன. அதைப் படித்த அன்று அழக்கூட இல்லை. அவ்வளவு ஆத்திரம்.

காவலர் அப்படிச் சொன்ன அன்று ஸ்டேஷனிலிருந்து நேராக வீட்டுக்கு வந்தேன். பாவா சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"வெளிநாடு எங்க ஓடப்போவுது?" என்றார், சோற்றில் ரசத்தை ஊற்றிப் பிசைந்தபடி. "கல்யாணம் ஆனதும் அவரோட சேர்ந்தே போய்க்கலாமே."

"எவரோட?"

"வருவாரு இல்ல?"

அவரிடம் பேசிப் பிரயோஜனம் இல்லை. நைனா பின்கட்டில் துணி மடித்துக்கொண்டிருந்தார். அவர் முன்னால் போய் நின்றேன்.

"ஏன் நைனா?"

"நான் எங்கம்மா போவ வேணான்னு சொன்னேன்?"

அது உண்மைதான். அதுதான் வயிற்றெரிச்சல்.

"சொல்லியிருக்கலாம் இல்ல? என் மூஞ்சியப் பார்த்து ஒரு வாட்டி வேணான்னு சொல்லியிருந்தா, நான் சண்டையாவது போட்டிருப்பேன். ஜெயிச்சிகூட இருப்பேன்."

நைனா கையிலிருந்த வேட்டியைக் கீழே வைத்தார்.

"தெரியும்மா," என்றார். "அதுக்குத்தான் சொல்லல."