டாக்டரம்மாவுக்கு எந்தப் பக்கம் தலை வைப்பது

செய்தி வந்தபோது நான் ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் எங்கள் தோட்டத்து முருங்கைக்காயை இறக்கிக்கொண்டிருந்தேன். கேரளாவுக்குப் போகும் லாரிகள் கிளம்புகிற நேரம். பக்கத்தில் நிற்பவர் பேசுவதுகூடக் காதில் விழாது. போனில் ஸ்தனிஸ்லாஸ் சார் சொன்னதைத் திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்டேன். "அமலோற்பவம் போயிட்டா வேலுச்சாமி. காலையில காப்பி குடிச்சா, சாஞ்சா, அம்புட்டுத்தான்." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "எங்க கொண்டு போறதுன்னுதான் தெரியல. நீ வா" என்றார்.

டாக்டரம்மாவை அறிந்த உங்களுக்கு அந்தக் கடைசிப் பேச்சு உடனே விளங்கும். அறியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். டாக்டர் அமலோற்பவம் கால்நடை மருத்துவர். நான் அவரிடம் கால்நடை ஆய்வாளராக வேலை பார்த்தவன். திண்டுக்கல் டவுனில் பரம்பரையான கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்து, மாதாவின் பெயரையே வாங்கிக்கொண்டு, சாமி கிடையாது என்று நிம்மதியாக வாழ்ந்தவர். கணவர் ஸ்தனிஸ்லாஸ் சார் கணக்கு வாத்தியார். கோயில் பாடற்குழுவில் அவருடைய கட்டைக் குரலைத் தெரியாதவர் டவுனில் குறைவு. பங்குக் கல்லறைத் தோட்டத்தில், தன் அப்பா அம்மாவுக்குப் பக்கத்தில், மனைவியும் தானும் சேர்ந்து படுக்க வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. இத்தனை வருசம் கோயில் படி மிதிக்காதவருக்கு, சாகப் போகிறவர்களுக்குச் செய்கிற எண்ணெய் பூசும் சடங்கையும் வேண்டாம் என்று சொல்லிவிட்டவருக்கு, அங்கே இடம் கொடுப்பார்களா? பஸ்ஸில் இதே யோசனையாகத்தான் வந்தேன். ஆனால் டாக்டரம்மாவைப் பற்றி நினைக்கத் தொடங்கினால் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு இருக்க முடியாது. தனியாகச் சிரித்துக்கொண்டு வந்த என்னைக் கண்டக்டர் ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் எங்கள் தொப்பம்பட்டிப் பக்கத்து மருந்தகத்துக்கு வந்தார். என்னைவிட இளையவர், அதனால் "அண்ணே" என்பார். நான் "மேடம்" என்பேன். வந்த கொஞ்ச நாளிலேயே, கோயிலுக்குப் போவதில்லை என்று தெரிந்ததும், "ஏனுங்க மேடம், ஏதாச்சும் மனக்கஷ்டமுங்களா?" என்று கேட்டேன். எங்கள் ஊரில் சாமியை விடுகிறவன் சாமியோடு சண்டை போட்டுத்தான் விடுவான்.

"கஷ்டமெல்லாம் ஒண்ணுமில்லண்ணே. ஒருநாள் செபமாலை சொல்லிக்கிட்டு இருந்தேன். பாதியில, ஒரு மாட்டுக்குக் கால்சியம் ஏத்தணும்னு ஞாபகம் வந்துச்சு. எந்திரிச்சுப் போயிட்டேன். திரும்பி வந்து மிச்சத்தச் சொல்லணும்னு தோணவே இல்ல" என்றார்.

"அந்த மாடு என்னங்க ஆச்சு?"

"அது எந்திரிச்சு நின்னுருச்சு."

இவ்வளவுதான் அவருடைய நாத்திகம். மேடை ஏறியதில்லை, யாரோடும் வாதம் பண்ணியதில்லை. தைப்பூசத்துக்கு நான் மாலை போட்டுப் பழனிக்கு நடந்து போகும்போதெல்லாம் என் வேலையையும் சேர்த்துப் பார்த்துக்கொள்வார். ஒரு வருசம் புறப்படும்போது, "முருகன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்கண்ணே, கோமாரித் தடுப்பூசி இன்னும் வந்து சேரலன்னு" என்றார். கேலிதான் என்று தெரிந்தாலும் சன்னிதியில் மறக்காமல் சொல்லிவிட்டேன். திரும்பி வந்தால் மருந்தகத்தில் தடுப்பூசி இருக்கிறது. எனக்குத் தலைகால் புரியவில்லை. "பாத்தீங்களா மேடம்" என்றேன். "பாத்தேண்ணே. நீங்க அங்க நடந்தீங்க, நான் ஜில்லா ஆபீசுக்கு நடந்தேன். ரெண்டு பேர்ல யாரு நடந்ததுக்கு வந்துச்சுன்னு மருந்து பாட்டில்ல எழுதலையே" என்றார். இன்றுவரை முருகன் பக்கம்தான் என் ஓட்டு.

பிறகு அவருக்கு அய்யலூர்ப் பக்கம் மாற்றலானது. கொஞ்ச நாளில் நானும் அங்கேயே போய்ச் சேர்ந்தேன். ஒரே ஜில்லாவுக்குள் சாமி இத்தனை விதமாக இருக்கும் என்பது அங்கே போனபிறகுதான் எனக்குத் தெரிந்தது. டாக்டரம்மா முன்பே கவனித்து வைத்திருந்தார். "உங்க பக்கம் சாமிய 'ஏனுங்க'ன்னு கூப்பிட்டு, கைகட்டி நிக்கிறீங்க. இங்க 'ஏலே, கண்ணு தெரியலையா'ன்னு வாசல்ல நின்னு வையிறாங்க. டவுன்ல எங்காளுக நேராப் போறதே இல்ல, ஒரு புனிதர சிபாரிசுக்குப் பிடிக்கிறாங்க. சாமி ஒருத்தர்தான்னா, இம்புட்டுப் பாஷையும் அவரு எங்க படிச்சிருப்பாரு?" என்று கேட்பார். பதில் எதிர்பார்த்துக் கேட்கிற கேள்வி கிடையாது. ஜீப்பில் போகிறபோது பொழுது போக வேண்டும்.

அந்தப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் கிடா வெட்டு. வெட்டுவதற்கு முன் கிடாவின் மேல் மஞ்சள் தண்ணீர் தெளித்துக் காத்திருப்பார்கள். அது உடம்பைச் சிலுப்பினால் சாமி சம்மதித்துவிட்டது என்று பொருள். அன்றைக்கு அந்தக் கிடா சிலுப்பவே இல்லை. குடம் குடமாகத் தண்ணீர் போகிறது, கிடா கல்லாக நிற்கிறது. ஊர்க் கண்கள் மெதுவாக அந்த வீட்டு இளைய மருமகள் பக்கம் திரும்பின. அவள் வேறு ஊர்ப் பெண். சாமி கும்பிடுவதில் அவ்வளவு அக்கறை இல்லாதவள் என்று மாமியார் ஏற்கெனவே சொல்லி வைத்திருந்தார். அந்தப் பெண்ணுக்கு அழுகை வந்துவிட்டது. தடுப்பூசிக்காகப் போயிருந்த டாக்டரம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய்க் கிடாவின் காதைத் தொட்டுப் பார்த்தார். வெப்பமானி வைத்துப் பார்த்தார். நேராகப் பூசாரியிடம் போனார்.

"காய்ச்சல் கொதிக்குதுய்யா. சீக்காளிக் கிடாயக் குடுத்தா சாமி எப்பிடி வாங்கும்?"

பூசாரி யோசித்தார். "அதான் வாங்கல" என்றார், தனக்கு முன்பே தெரியும் என்பது போல. வேறு கிடா வந்தது. அது தண்ணீர் பட்டதுமே சிலுப்பியது; குலவை போட்டார்கள். மருமகள் முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு அடுப்பு வேலைக்குப் போனாள். வரும் வழியில், "சாமி வாங்காதுன்னு நீங்களே சொல்லிப்போட்டீங்களே மேடம்" என்று மடக்கினேன். "எப்பிடி வாங்கும்னு கேட்டேன். வாங்கும், வாங்காதுன்னு ஒண்ணும் சொல்லலையே" என்றார். அவர் வாயிலிருந்து பொய்யை வரவழைக்க ஆள் பிறக்கவில்லை. ஒரு பெண்ணைக் காப்பாற்றுவதற்குக்கூட அது அவருக்குத் தேவைப்படவில்லை.

ரெண்டாயிரத்துக்குப் பிறகு காலம் மாறியது. காலேஜ் பையன்கள் பலர் சாமி இல்லை என்று வெளிப்படையாகச் சொல்லத் தொடங்கினார்கள். டவுனில் நாலைந்து பேர் சேர்ந்து ஒரு சங்கம் தொடங்கப் போவதாகவும், டாக்டரம்மாதான் தலைவராக இருக்க வேண்டும் என்றும் வீட்டுக்கே வந்து கேட்டார்கள். ஸ்தனிஸ்லாஸ் சார்தான் அவர்களுக்குக் காப்பி போட்டுக் கொடுத்தார். "தலைவரு, செயலாளரு, வருசத்துக்கு ஒரு விழா, விழாவுக்கு ஒரு சாப்பாடு. இதுக்கு நான் கோயிலுக்கே போயிருப்பேனேப்பா, அங்க பாட்டாவது நல்லாருக்கும்" என்று டாக்டரம்மா அவர்களை அனுப்பிவிட்டார். பிறகு எங்களிடம், "முன்னாடி நான் ஒருத்திதான் இருந்தேன். இப்ப வீட்டுக்கு ஒரு பய இருக்கான். பரீட்சை அன்னிக்கு மட்டும் ஒருத்தனையும் காணோம்" என்று சொல்லிச் சிரித்தார்.

ஓய்வுக்குப் பிறகு வந்த நோய் சீக்கிரமே படுக்கையில் போட்டது. கல்லறைப் பேச்சை சார் ஒருநாள் தயங்கித் தயங்கி எடுத்தபோது நான் பக்கத்தில் இருந்தேன். "உங்களுக்கு எங்க தோதோ அங்க வையுங்க. நானா பாக்கப் போறேன்?" என்றார்.

நான் வீடு போய்ச் சேர்ந்தபோது பங்குத்தந்தை வந்திருந்தார். சின்ன வயசு, நல்ல மனுசர். கூடவே கோயில் நிர்வாகம் பார்க்கும் பங்குப் பேரவைப் பெரியவர்கள் சிலர். அவர்களும் கெட்டவர்கள் கிடையாது. அவர்கள் வீட்டுப் பசுக்களுக்கெல்லாம் பிரசவம் பார்த்தவர்தான் நடுவீட்டில் கிடந்தார். அவர்களில் ஒருவர் சாரின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"சார், கடைசி நேரத்துல மனசு மாறுனாங்கன்னு ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்க. குழி தோண்டச் சொல்லிர்றோம். யாரு வந்து கேக்கப் போறா?"

சார் என்னைப் பார்த்தார். "நேத்து சாயங்காலம் நீதான கூட இருந்த. நான் மருந்து வாங்கப் போனப்ப ஏதாச்சும் சொன்னாளா?"

எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். உண்மையைச் சொல்கிறேன், எனக்கு ஆசையாக இருந்தது. 'மாதாவே என்றார்' என்று சொல்லிவிட்டால் சாருக்கு அவர் கேட்ட இடம் கிடைத்துவிடும். நானும் சாமி கும்பிடுகிறவன். எனக்கும் அது ஆறுதலாகத்தான் இருந்திருக்கும். ஆனால் அந்த அம்மாவை முன்னால் வைத்துக்கொண்டு வாய் வரவில்லை.

"அய்யலூர்ச் சந்தைக்குக் கிடா வரத்து எப்படின்னுதானுங்க சார் கேட்டாங்க" என்றேன்.

சார் சிரித்துவிட்டார். மனைவியின் தலைமாட்டில் உட்கார்ந்துகொண்டு, கண்ணில் தண்ணீர் வழிய, சத்தமாகச் சிரித்தார். "அதான் அவ" என்றார். பிறகு அந்தப் பெரியவரிடம், "மாறலய்யா. இத்தன வருசம் எங்கிட்ட ஒரு பொய் சொல்லாம குடும்பம் நடத்துனவ. அவ பேரச் சொல்லி நான் சாமி முன்னாடி பொய் சொல்ல மாட்டேன். எங்கம்மா வழியில வந்த பூந்தோட்டம் இருக்கு, அங்க வச்சுக்குறேன். நான் போனா என்னையும் அங்கயே வைங்க" என்றார். பங்குத்தந்தையைப் பார்த்து, "அங்கருந்து மோட்சத்துக்கு வழி இருக்குமா சாமி?" என்று கேட்டார்.

"பஸ் மாறிப் போற மாதிரி இருக்கும் சார். ஆனாப் போயிரலாம்" என்றார் அவர்.

தோட்டம் டவுனுக்கு வெளியே, செவ்வந்தி போட்டிருந்த நிலம். அந்தப் பக்கத்து வெள்ளாமைக்காரர்கள் பலர் சொந்தத் தோட்டத்திலேயே அடக்கம் செய்கிறவர்கள். அதனால் பஞ்சாயத்தில் சொன்னதும் ஒத்துக்கொண்டார்கள். பக்கத்துத் தோட்டத்துக்காரர் தானே மண்வெட்டியோடு வந்துவிட்டார். பங்குத்தந்தை அங்கி போடாமல், சாதாரணச் சட்டையில், மோட்டார் சைக்கிளில் வந்து ஓரமாக நின்றார். குழி முடிகிற நேரத்தில் சிக்கல் வந்தது. எந்தத் திசையில் தலை வைப்பது?

"தெக்க தலை வைக்கிறதுதான் முறை" என்றார் பக்கத்துத் தோட்டத்துக்காரர்.

"எங்க கல்லறைத் தோட்டத்துல நடுச்சிலுவையப் பாத்த மாதிரி வைப்போம். இங்க சிலுவை இல்லையே" என்றார் டவுனிலிருந்து வந்த ஒருவர்.

"அந்தம்மா எதுவும் கும்பிடாதவங்களாச்சே. அவங்க முறைக்கு எந்தப் பக்கம்?" என்று கேட்டார் குழி வெட்டிக்கொண்டிருந்தவர்களில் ஒருவர்.

சாமி இல்லை என்கிறவர்கள் பெருகிவிட்டார்கள். ஆனால் அவர்களுக்கு எந்தப் பக்கம் தலை வைப்பது என்று இன்னும் எவரும் முடிவு பண்ணவில்லை. எல்லோரும் பங்குத்தந்தையைப் பார்த்தார்கள், அவர் சாரைப் பார்த்தார். சார் தோட்டத்தைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தார். ஓரத்தில் மாட்டுக் கொட்டம். ஒரு சினைப்பசு எங்களையே பார்த்துக்கொண்டு நின்றது.

"கொட்டத்தப் பாத்த மாதிரி வைங்க. ராத்திரி பகல் பாக்காம ஓடுனவ, தூரமா இருந்தாச் சிரமப்படுவா" என்றார்.

அப்படியே வைத்தோம். பங்குத்தந்தையும் ஒரு கைப்பிடி மண் போட்டார். வாயைத் திறந்து செபம் எதுவும் சொல்லவில்லை. மனதுக்குள் சொல்லியிருந்தால் அது அவர் பாடு.

டாக்டரம்மாவிடமிருந்து எனக்கு மிஞ்சியது என்ன என்று கேட்டால், ஒரு பழக்கத்தைச் சொல்வேன். மருந்துக்கு அடங்காமல் மாடு செத்துப்போனால், அவிழ்த்த கயிற்றைக் கையில் பிடித்துக்கொண்டு அந்த வீட்டுக்காரர், "நல்லாத்தான இருந்துச்சு, ஏன் செத்துச்சு?" என்று கேட்பார். நான் விதி என்பேன், கண் பட்டுவிட்டது என்பேன், ஆண்டவன் கணக்கு என்பேன். சொல்லிவிட்டு சைக்கிளை எடுத்துவிடுவேன். டாக்டரம்மா, "எனக்குத் தெரியலய்யா" என்பார். சொல்லிவிட்டு, அந்த ஆள் எழுந்திருக்கும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார்.

போன வாரம் சாரைப் பார்க்கத் தோட்டத்துக்குப் போனேன். செவ்வந்தி எடுத்துக்கொண்டிருந்தார்கள். பாத்தி ஓரத்தில் உட்கார்ந்திருந்தவர் என்னைப் பார்த்ததும், "வேலுச்சாமி, அவ இப்ப எங்க இருப்பா?" என்று கேட்டார். அவருக்குச் சொல்ல வேதத்தில் பதில் இருக்கிறது. எனக்குச் சொல்லப் பழனி மலை அளவு பதில் இருக்கிறது.

"தெரியலீங்க சார்" என்றேன். அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். வீட்டுக்குப் போகும் கடைசி பஸ்ஸை விட்டுவிட்டேன்.