தண்ணீர் தெளிக்காத வாசல்

புயலில் சாய்ந்த எங்கள் தென்னைகளை அறுத்து வாங்கிய சட்டங்கள் கொல்லையில் சும்மா கிடந்தன. மாட்டுக்கொட்டகையின் கூரையும் அந்தப் புயலோடு போனதுதான். மாடு நிறைசினை. ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் கன்று சேற்றில்தான் விழும். ஆனால் என் கவலை மாடு இல்லை. தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் நெஞ்சில் ஆபரேஷன் செய்துகொண்டு வந்த என் வீட்டுக்காரர், உடம்பு தேறியும் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. "இனிமே நான் எதுக்கும் ஆவ மாட்டேன்" என்பார். கேட்கக் கேட்க எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஒரு சாயங்காலம் அவராகவே எழுந்துபோய், எங்கள் சிமெண்ட் வாசலில் சாக்பீஸால் பெரிய முக்கோணம் ஒன்று வரைந்தார். நடுவில் ஒரு கால், அதற்கு இருபுறமும் முட்டுக்கோடுகள். கொட்டகைக் கூரையைத் தாங்கப்போகிற ட்ரஸ்ஸாம். முழு அளவில் வரைந்து, கோட்டின் மேலேயே சட்டங்களை வைத்து ஆணி அடித்தால்தான் எல்லாம் ஒரே அளவாக வருமாம்.

"ஊருல வேற எடமே இல்லையா? என் வாசல்தான் கெடச்சுதா?"

"கொல்லையில மண்ணு, கோடு நிக்காது. நாலு ட்ரஸ்ஸும் முடியிற வரைக்கும் தண்ணி மட்டும் தெளிச்சிராத."

காலமெல்லாம் நான் மல்லுக்கட்டிய அந்தப் பிடிவாதம் முகத்தில் திரும்பி வந்திருந்தது. அதைப் பார்த்ததும் சரி என்றுவிட்டேன்.

மறுநாள் காலையில் தெளிக்கவில்லை, கோலமும் போடவில்லை. காபிக்குப் பால் வைத்திருந்தேன். எதிர்வீட்டு அக்கா மாரில் அடித்துக்கொண்டு ஓடிவந்தார். பின்னாலேயே இரண்டு பேர்.

"அடிப்பாவி மவளே, என்னடி இப்பிடி ஆயிப்போச்சு! நேத்துக்கூட நல்லாத்தானேடி இருந்தாரு!"

கொல்லையிலிருந்து சுத்தியலும் கையுமாக அவர் வந்தார். "என்னக்கா, யாருக்கு என்ன?"

அக்கா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "வாசல் வெறிச்சுன்னு கெடந்துச்சே தம்பி! எழவு வீடு மாதிரி கோலத்தக் காணுமே! எனக்கு ஈரக்கொலையே நடுங்கிப்போச்சு!"

"உங்க வாயில வசம்ப வச்சுத் தேய்க்க!" என்று கத்தினேன். கத்திய வேகத்தில் அழுகை வந்துவிட்டது. ஆஸ்பத்திரி வராந்தாவில்கூட வராத அழுகை.

"இங்கதானே இருக்கேன், ஏன் அழுவுற?" என்றார் அவர். குரல் அவருக்கும் சரியாக இல்லை.

கண்ணைத் துடைத்துக்கொண்டு கோலமாவு டப்பாவை எடுத்துவந்தேன். தண்ணீர் தெளிக்காமலே அந்த முக்கோணத்துக்குள் புள்ளி வைத்தேன்.

"கோட்டு மேல படாமப் போடு" என்றார்.

"தெரியும், போங்க."

தினமும் நான் போடுவேன்; அவர் சட்டங்களை வைத்துக் கலைப்பார். கனமானதை நானும் எதிர்வீட்டு அக்காவும் தூக்கிக்கொடுத்தோம். நாலு ட்ரஸ்ஸும் ஏறி, தகரமும் போட்ட பிறகு, "இனிமே வாசலக் கழுவிக்கோ" என்றார்.

கழுவி, வாசல் கொள்ளாமல் ஒரு கோலம் போட்டேன். எதிர்வீட்டு அக்கா படியில் நின்று பார்த்தார்.

"என்னடி, இன்னிக்கு ஏதும் விசேஷமா?"

"எங்க வீட்டுக்காரர் இருக்காருக்கா" என்றேன்.